வாசகர் கேள்வி – பதில்: வீட்டு வளவில் கறுவா மரம்

கேள்வி: நுகேகொடையில் அண்மையில் நாங்கள் வாங்கிய வளவில், பழைய பலா மரம் ஒன்றின் நிழலில் ஏறத்தாழ 25 அடி உயரமான மரம் ஒன்று நிற்கிறது. அதன் தளிர்கள் சிவப்பாக வருகின்றன. அது கறுவா மரம் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். ஆனால் இலையைக் கசக்கினால் கராம்பு வாசனைதான் வருகிறது. கறுவா என்பது தோட்டங்களில் ஆளுயரச் செடியாக நிற்பது அல்லவா? இது எப்படி இவ்வளவு உயர்ந்தது? – வாசகி ஒருவர், நுகேகொடை

பதில்: உங்கள் பக்கத்து வீட்டார் சொல்வது சரியாகவே இருக்க வேண்டும். இலையை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். இலைகள் தடிப்பாகவும் பளபளப்பாகவும், காம்பில் ஒன்றுக்கொன்று எதிராகவும் அமைந்திருக்கும். இலையின் அடியிலிருந்தே மூன்று பெரிய நரம்புகள், சில இலைகளில் ஐந்து, பிரிந்து நுனியை நோக்கி வளைந்து ஓடும். தளிர் சிவப்பாகப் பிறந்து, வெளிர் பச்சையாகி, பின்னர் கரும்பச்சையாக முற்றும். இந்த அடையாளங்களோடு கராம்பு வாசனையும் சேர்ந்திருந்தால் ஐயம் தேவையில்லை. கராம்புக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் யூஜினோல் என்ற பொருள்தான் கறுவா இலையின் எண்ணெயிலும் பெரும்பகுதியாக இருக்கிறது. இளம் கிளை ஒன்றின் பட்டையை நகத்தால் சுரண்டி முகர்ந்தால், நாம் சமையலறையில் அறிந்த கறுவா மணம் வரும். அதற்குக் காரணம் சின்னமல்டிஹைட் என்ற வேறொரு பொருள். வேர்ப்பட்டையில் இரண்டும் முதன்மையல்ல, அங்கே கற்பூரமே மிகுந்திருக்கும். ஒரே மரம் இலையிலும் தண்டிலும் வேரிலும் மூன்று வேறு வாசனைகளை வைத்திருப்பதைக் கையால் கசக்கியே அறியலாம் என்பதால், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள்.

உயரம் பற்றி நீங்கள் வியப்பதற்குக் காரணம், நாம் கறுவாவை வெட்டப்பட்ட நிலையில் மட்டுமே பார்த்துப் பழகியிருப்பதுதான். இயற்கையில் இது என்றும் பச்சையாக நிற்கும், 30 முதல் 50 அடி வரை வளரக்கூடிய மரம். நமது தீவின் தென்மேற்கு ஈரவலயத்துத் தாழ்நிலக் காடுகளில், மேலே பெருமரங்கள் கூரை போட்டு நிற்க, அவற்றின் கீழே வடிகட்டி விழும் வெளிச்சத்தில் இரண்டாம் அடுக்காக வளர்வது இதன் இயல்பு. ஆகவே உங்கள் மரம் பலாவின் நிழலைச் சகித்து வளர்ந்ததில் வியப்பில்லை. அதை யாரும் நட்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கறுவாவின் சிறிய கருநீலப் பழங்களைக் கொண்டைக்குருவிகளும் குக்குறுவான்களும் விழுங்கி, விதையைத் தாம் அமரும் மரங்களுக்குக் கீழே போட்டுவிடுகின்றன. கொழும்பைச் சுற்றியுள்ள பழைய வளவுகளில் இவ்வாறு தானாக முளைத்த கறுவாக்கள் பல உண்டு. அவற்றை வேலியோரத்துப் பற்றை என்று எண்ணி வெட்டிப் போட்டுவிடுகிறோம் என்பது எனக்குள்ள வருத்தம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நாம் உண்ணும் கறுவாவைத் தவிர, அதன் பேரினத்தைச் சேர்ந்த ஏழு காட்டு மர இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லாமல் இலங்கையில் மட்டுமே வளர்கின்றன. அவற்றுள் சிங்கராஜக் காட்டின் பெயரைத் தாங்கிய இனம் ஒன்றும் உண்டு. சில இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன. காட்டுப் பக்கம் போகிறவர்கள் மூன்று நரம்பு இலையைக் கண்டவுடன் பட்டையை உரித்துப் பார்க்க வேண்டாம். இலையின் ஒரு மூலையைக் கசக்கி முகர்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் நிற்கும் கறுவா மரத்திலிருந்து நாமே பட்டை எடுக்க முடியுமா? ஒரு முறை தண்டைச் செதுக்கிப் பார்த்தோம். தடித்த, கசப்பான துண்டுகள்தான் வந்தன. – வாசகர் ஒருவர், பாணந்துறை

பதில்: எடுக்கலாம். ஆனால் அடிமரத்திலிருந்து அல்ல. முதிர்ந்த தண்டின் பட்டை தடித்து, வெளித்தோல் முரடாகிவிட்டபடியால், அதிலிருந்து நல்ல கறுவாக் குச்சி ஒருபோதும் வராது. மழை நீர் தேங்கி நிற்கும் நிலத்து மரமானால் பட்டை கசப்பதோடு மணமும் குன்றும். உங்கள் மரம் வாய்க்காலோரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நல்ல பட்டையைத் தருவது, வெட்டிய அடிக்கட்டையிலிருந்து புதிதாகக் கிளம்பும் நேரான இளங்கம்புகளே. எனவே முதல் வேலை, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, மழைக்காலத் தொடக்கத்தில் மரத்தை நிலத்திலிருந்து சில அங்குல உயரத்தில் சாய்வாக வெட்டிவிடுவதுதான். இவ்வளவு வளர்ந்த மரத்தை வெட்டுவதா என்று தயங்க வேண்டாம். வெட்ட வெட்டத் துளிர்ப்பது இந்த மரத்தின் குணம், தோட்டக்காரர்கள் அதை நம்பியே ஒரே அடிக்கட்டையிலிருந்து பல பத்தாண்டுகள் அறுவடை செய்கிறார்கள். அடிக்கட்டையைச் சுற்றி மண் அணைத்துவிட்டால் புதுக் கம்புகள் நிலமட்டத்திலிருந்து வலுவாகக் கிளம்பும், தண்டின் அடியைத் துளைக்கும் புழுவின் தொல்லையும் குறையும். கிளம்பும் கம்புகளில் நேரானவை நான்கைந்தை விட்டு, வளைந்தவற்றையும் மெலிந்தவற்றையும் அகற்றிவிடுங்கள். பக்கக் கிளைகளையும் அவ்வப்போது கழித்து வந்தால்தான் முடிச்சில்லாத பட்டை கிடைக்கும். மேலே நிழல் தரும் கிளைகள் இருந்தால் அவற்றையும் கொஞ்சம் கழித்து வெயில் விழச் செய்யுங்கள். நிழலில் மரம் உயிர் வாழும், ஆனால் பட்டை விளைச்சல் குறையும்.

ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகளில் கம்புகள் பெருவிரல் பருமனைத் தாண்டி, பச்சைத் தோல் மண்ணிறமாக மாறியிருக்கும். அப்போதும் அவசரப்படக் கூடாது. மரத்தில் சிவப்புத் தளிர் நிற்கும் நாட்களில் பட்டை கட்டையோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். தளிர் பச்சையாகி முற்றிய பின்னர், நல்ல மழை பெய்து மரத்தில் சாறு ஓடும் நாட்களில், கத்தி முனையால் ஒரு சிறு கீறல் போட்டுப் பாருங்கள். பட்டை தானாக எழும்பினால் அதுவே நாள். வெட்டும் வேலையைக் காலையிலேயே முடித்து, வெட்டிய கம்புகளை அன்றைக்கே உரித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் பட்டை காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

உரிக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த மரத்தின் பெறுமதி முழுவதும் இந்தக் கைவேலையில்தான் இருக்கிறது. முதலில் வளைந்த சுரண்டும் கத்தியால் வெளித்தோலை மெல்லியதாகச் சீவி அகற்றுவார்கள். உள்ளே வெளிறிய ஈரமான பட்டை தெரியும். அதன் மேல் பித்தளைக் கோலொன்றை அழுத்தி முன்னும் பின்னுமாகத் தேய்ப்பார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள பிடி இதனால் தளரும். பின்னர் சிறு கத்தியால் கம்பைச் சுற்றி இரண்டு வெட்டுகளும், நீளவாட்டில் எதிரெதிராக இரண்டு கீறல்களும் போட்டு, கத்தியின் மழுங்கிய முனையை உள்ளே செலுத்தி மெதுவாக நெம்பினால், பட்டை இரண்டு அரைக்குழாய்களாகக் கழன்று வரும். ஒன்றின் நுனிக்குள் மற்றொன்றின் நுனியைச் செருகி நீளமாக்கி, உடைந்த சிறு துண்டுகளை உள்ளே நிரப்பி, 42 அங்குல நீளமான குச்சியாக அமைப்பார்கள். அதை வெயிலில் போடக் கூடாது. கூரைக்குக் கீழே கட்டிய கயிறுகளின் மேல் வைத்து நிழலில் உலர்த்தும்போது பட்டை தானாக உட்புறம் சுருண்டு இறுகும். வெயிலில் காய்ந்தால் கோணலாகிப் போவதோடு வாசனை எண்ணெயும் பறந்துவிடும். உலரும் நாட்களில் தினமும் குச்சிகளை எடுத்து உள்ளங்கையால் உருட்டி நேராக்க வேண்டும்.

காலி, மாத்தறை மாவட்டங்களில் பரம்பரையாக இவ்வேலை செய்பவர்களின் கையில் பட்டை காகிதம் போல மெல்லியதாக வரும். விட்டம் 6 மில்லிமீற்றரைத் தாண்டாத மிக நுண்ணிய குச்சிக்கு அல்பா என்று பெயர், அதுவே உச்ச விலைக்குப் போவது. அதன் கீழ் கொண்டினென்டல், மெக்சிக்கன், ஹம்பேர்க் என்று தரங்கள் வரிசைப்படும். வீட்டில் முதல் முறை உரிக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது துண்டும் துணுக்குமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. குழம்புக்கும் தேநீருக்கும் அதன் மணத்தில் குறைவேதும் இராது.

கேள்வி: கொழும்பு 7ஐக் கறுவாத்தோட்டம் என்கிறோம். அங்கே உண்மையிலேயே கறுவா பயிரிடப்பட்டதா? – பாடசாலை மாணவி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பயிரிடப்பட்டது. 1505இல் போர்த்துக்கேயர் இங்கு வந்த பின்னரும், 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றிய பின்னரும், நெடுங்காலம் கறுவாப் பட்டை காடுகளிலிருந்தே சேகரிக்கப்பட்டது. காட்டில் தானாக வளர்ந்த மரத்துப் பட்டைதான் தரமானது என்ற எண்ணமும் அக்காலத்தில் நிலவியது. ஆனால் கறுவா வளர்ந்த காடுகளில் பெரும்பகுதி கண்டி இராச்சியத்துக்குள் இருந்தபடியால், அரசனோடு பகை மூண்டபோதெல்லாம் ஒல்லாந்தரின் வணிகம் தடைப்பட்டது. 1765 முதல் 1785 வரை ஆளுநராக இருந்த இமான் வில்லெம் ஃபால்க் காலத்தில்தான், 1760களின் இறுதியில், கொழும்புக் கோட்டைக்கு அருகே மருதானைப் பக்கத்தில் கறுவாவை முறையாகப் பயிரிடத் தொடங்கினார்கள். அந்தத் தோட்டங்கள் விரிந்த மணற்பாங்கான நிலமே இன்றைய கறுவாத்தோட்டம். 1796இல் பிரித்தானியர் வசமான பின்னரும் அவை அரசின் ஏகபோகமாகவே தொடர்ந்தன. 1833இல் ஏகபோகம் நீக்கப்பட்டது. கறுவாவுக்கு உறவான வேறு இனத்து மலிவான கசியாப் பட்டையின் போட்டியும் கோப்பிப் பயிரின் எழுச்சியும் சேர்ந்து கறுவாவைப் பின்தள்ள, தோட்டங்கள் படிப்படியாக மாளிகைகளுக்கும் வீதிகளுக்கும் இடம் விட்டன. 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையும் அதன் அருகிலுள்ள விகாரமகாதேவி பூங்காவும் அந்தப் பழைய தோட்ட நிலத்தில்தான் இருக்கின்றன.

உங்கள் வரலாற்றுப் பாடக் குறிப்பில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: ஒல்லாந்தர் காலத்தில் அனுமதியின்றிக் கறுவாவை வெட்டுவதும் விற்பதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாக இருந்தன. ஒரு மரப்பட்டைக்காக இந்தத் தீவின் எளிய மக்கள் பட்ட துன்பம், கோட்டைகளையும் ஆளுநர்களையும் பற்றிப் படிக்கும்போது மறந்துவிடக் கூடாத ஒன்று.

கேள்வி: ரொறொன்ரோவில் இருக்கும் என் மகள் அங்கு வாங்கும் கறுவா மரத்துண்டு போலக் கடினமாக இருப்பதாகச் சொல்கிறாள். அவளுடைய கணவருக்கு நீரிழிவு இருப்பதால் தினமும் ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள் சாப்பிடுகிறார். இது நல்லதா? – வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, உங்கள் மகளிடம் இன்றைக்கே தொலைபேசியில் பேசுங்கள். அவர் வாங்குவது கசியா என்னும் வேறு இனத்துப் பட்டையாகவே இருக்க வேண்டும். சீனா, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து வரும் அது வட அமெரிக்கக் கடைகளில் கறுவா என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. கசியாக் குச்சி ஒரே தடித்த பட்டை, இரு ஓரமும் உட்புறம் சுருண்டு நடுவில் வெறுமையாக இருக்கும், கையால் ஒடிப்பது கடினம். நமது கறுவாக் குச்சியின் முனையைப் பார்த்தால் மெல்லிய பல அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக நெருங்கியிருக்கும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும். நிறமும் வெளிறியது, காரமும் மென்மையானது.

வேறுபாடு சுவையோடு நிற்பதில்லை. கசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உள்ளது. அது அளவு மீறினால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கக்கூடியது. ஐரோப்பாவில் பாதுகாப்பானதெனக் கொள்ளப்படும் அளவு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நாள்தோறும் 2 கிராம் கசியாத்தூள் உட்கொண்டாலே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம் என்று ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கணித்திருக்கிறது. ஒரு தேக்கரண்டித் தூள் ஏறத்தாழ அந்த அளவுதான். இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகமிகக் குறைவு.

நீரிழிவைப் பொறுத்தவரை, கறுவா இரத்தச் சர்க்கரையைக் குறைக்குமா என்று நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆகவே உங்கள் மருமகன் அதை மருந்துக்குப் பதிலாகக் கொள்வது கூடாது. குறிப்பாக அவர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவரானால், தூளை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் இதைச் சொல்லட்டும். வாங்குவதானால் தூளாக வாங்காமல் குச்சியாக வாங்கி வீட்டில் அரைப்பதே என் ஆலோசனை. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், அங்கு விற்கப்பட்ட சில கறுவாத்தூள்களில் ஈயம் கலந்திருப்பதாக எச்சரித்தது. பொதியில் சிலோன் சின்னமன் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரைப் புவியியல் குறியீடாகப் பதிவு செய்து பாதுகாப்பளித்தது, இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கு கிடைத்த முதல் குறியீடு அதுவே. ஆனால் எளிய வழி வேறு இருக்கிறது: அடுத்த முறை யாராவது இங்கிருந்து போகும்போது புறக்கோட்டைக் கடைகளில் நல்ல குச்சியாகப் பார்த்து வாங்கி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கறுவா இலையைப் பிரியாணி இலைக்குப் பதிலாகப் போடலாமா? இலை எண்ணெயைப் பல்வலிக்குப் பூசலாமா? – வாசகி ஒருவர், தெஹிவளை

பதில்: இலையைப் போடலாம். கடைகளில் பிரியாணி இலை என்று விற்கப்படுவதும் கறுவாவுக்கு உறவான, இமயமலை அடிவாரத்து மரமொன்றின் காய்ந்த இலைதான். நமது இலையில் கராம்பு மணம் தூக்கலாக இருப்பதால், ஒரு சட்டிச் சோற்றுக்கு ஓர் இலையோடு நிறுத்தி, கராம்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிழலில் உலர்த்திய இலை தேநீருக்கும் உகந்தது.

எண்ணெயைக் கலக்காமல் ஈறில் பூசக் கூடாது. பல் வைத்தியத்தில் பயன்படும் அதே யூஜினோல் இதிலும் உண்டு என்பது உண்மையானாலும், செறிவான நிலையில் அது ஈறையும் தோலையும் சுட்டுப் புண்ணாக்கும். தென் மாகாணத்தில் இலையையும் இளங்கிளைகளையும் பெரிய கொப்பரைகளில் ஆவியில் வடித்து எடுக்கும் இந்த எண்ணெய் சவர்க்காரம், வாசனைப் பொருள்கள், மருந்துப் பொருள்கள் ஆகியவற்றுக்காக ஏற்றுமதியாகிறது.

பட்டையும் இலையும் போக மிஞ்சும் கம்புகளையும் எறிந்துவிட வேண்டாம். உரித்த கறுவாக் கம்பு நன்றாக எரியும். காலிப் பக்கத்துக் கிராமங்களில் அடுப்புக்கு அதுதான் விறகு. பயற்றங்கொடிக்கு ஊன்றுகோலாகவும் நடலாம்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் காணியில் கறுவா நடலாமா? – வாசகர் ஒருவர், பம்பலப்பிட்டி

பதில்: பயிராக நட வேண்டாம். கறுவாவுக்கு ஆண்டு முழுவதும் பரவலாக 1,750 மில்லிமீற்றருக்குக் குறையாத மழை வேண்டும். யாழ்ப்பாணத்தின் மழை அதைவிடக் குறைவு, அதுவும் ஆண்டின் கடைசி மாதங்களில் குவிந்து பெய்து ஓய்ந்துவிடும். கிணற்றடியில் ஆசைக்கு ஒரு மரம் நின்றால் இலை கிடைக்கும்.

கேள்வி: கறுவா விதை போட்டுக் கன்று எடுக்க முயன்றோம், ஒன்றும் முளைக்கவில்லை. வேறொரு கறுவா மரத்தின் இலைகளைக் கறுப்பும் மஞ்சளுமான புழுக்கள் தின்கின்றன. என்ன செய்வது? – தம்பதியர், வத்தளை

பதில்: விதையை வைத்திருந்து போட்டிருப்பீர்கள். கறுவா விதை உலர்ந்தவுடன் முளைக்கும் திறனை இழந்துவிடும். முழுதாகப் பழுத்துக் கறுத்த பழங்களைப் பறித்து, சதையைக் கழுவி அகற்றி, ஓரிரு நாட்களுக்குள் நிழலில் வைத்த பைகளில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரங்களில் முளை காணலாம். ஆனால் விதைக் கன்று தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். கறுவாப் பூ ஒவ்வொன்றும் முதல் நாள் பெண்ணாகவும் அடுத்த நாள் ஆணாகவும் விரிவதால், பெரும்பாலும் வேறொரு மரத்தின் மகரந்தமே சேர்கிறது. கன்றுகள் பலவிதமாக அமைகின்றன. நல்ல பட்டை வேண்டுமென்றால் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ஸ்ரீ கெமுனு, ஸ்ரீ விஜய ஆகிய வகைகளின் தண்டுக் கன்றுகளைத் தேடி வாங்குங்கள். உங்கள் வத்தளைப் பக்கத்து மணல் நிலம், நீர் தேங்காத இடமானால், இந்த மரத்துக்கு மிகவும் ஏற்றது.

கறுப்பு உடலில் மஞ்சள் கோடுகளும் சிவப்புப் புள்ளிகளும் கொண்ட அந்தப் புழு, கறுவாவைத் தேடி முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழு. அது விரும்புவது இளந்தளிரை. கன்று ஒரு முழத்துக்கும் குறைவாக இருந்தால் காலையில் கையால் எடுத்து அகற்றுங்கள், மருந்து அடிக்க வேண்டியதில்லை. மரம் வளர்ந்துவிட்டதென்றால் அப்படியே விட்டுவிடுங்கள்; அடுத்த மழைக்கு அது மறுபடியும் தளிர்க்கும்.